சந்தை நாளும் ஊசி நாளும்

நம் சங்க இதழைப் படிக்கும் அன்பர்களிற் பெரும்பாலோர் பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். இருப்புப்பாதையையோ ஆலையையோ சுரங்கத்தையோ அண்டி வாழ்பவர்கள். நாமும் அத்தகையோரே. பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதையில் எழுத்தர் வேலையில் அமர்ந்து, சில மாற்றல்களையும் கண்டு, இன்று ஜார்க்கண்ட் மாநிலத்து மேற்குச் சிங்பூம் மாவட்டத்தில் ஒரு சிறு நிலையத்தில் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறோம். நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னே சால் மரக்காடு. அதற்கு அப்பால் ஹோ என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள்.

நாம் மருத்துவம் கற்றவரல்லோம். ஆயினும் நம் வீட்டு வாசலில் நிகழ்ந்த ஒன்று நம்மைப் பலவற்றைக் கேட்டும் படித்தும் அறியத் தூண்டிற்று. பழங்குடி மக்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுமையாகச் சென்று சேராதது ஏன், சேர்வதற்கு வழி யாது என்பதே அது. அறிந்ததை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

வாரந்தோறும் சந்தை நாளன்று ஓர் இளந்தாய் நம் வீட்டுப் பக்கம் வருவாள். சால் இலையில் தைத்த தட்டுகளும், பருவத்துக்கேற்ற கீரையும் அவள் கூடையில் இருக்கும். முதுகிலே துணியால் அணைத்துக் கட்டிய ஏழு மாதக் குழந்தை. நம் இல்லாளை அவள் ‘தீதி’ என்று அழைப்பாள். இல்லாளும் அவளைத் தங்கையாகப் பாவித்து, ஒரு குவளை தேநீர் தந்து அனுப்புவாள்.

ஒருநாள் நம் இளைய மகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தோம். குழந்தையின் அழுகையைக் கண்ட அப்பெண், என்னவென்று கேட்டாள். இல்லாள் விவரம் சொல்லி, “உன் பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டாயிற்றா?” என்றாள்.

“ஒன்று போட்டேன், தீதி. இனிப் போடமாட்டேன்” என்றாள் அவள்.

அவள் சென்ற பின், “இம்மக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது” என்று நாம் சொன்னோம். அச்சொல்லை இன்று நினைக்கும்போது நாணுகிறோம்.

அடுத்த சந்தை நாளில், நம்மோடு பணிபுரியும் பாயின்ட்ஸ்மேன் ஒருவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஹோ இனத்தவர். அப்பெண் வந்தபோது, ஊசியை வேண்டாமென்றது ஏன் என்று கேட்டுச் சொல்லுமாறு அவரை வேண்டினோம். சந்தைக்கு வேண்டிய அளவே இந்தி அறிந்த அவள், தன் தாய்மொழியிலே கால்மணி நேரம் பேசினாள். நாம் அதுவரை அவள் வாயிலிருந்து அத்தனை சொற்களைக் கேட்டதில்லை.

குழந்தை பிறந்து ஆறாம் வாரத்தில் ஊசி போட்டிருக்கிறாள். அன்றிரவே தொடை வீங்கிக் கன்றிற்று. இரண்டு இரவு காய்ச்சல். கணவன் செங்கற்சூளை வேலைக்கு வெளியூர் சென்றிருந்தான். தனியே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாள். காய்ச்சல் வரக்கூடும் என்றோ, அது தானே தணியும் என்றோ அவளுக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. செவிலியர் இந்தியில் ஏதோ சொன்னார். அது அவளுக்குப் பிடிபடவில்லை.

அவ்வளவு அஞ்சியவள் அத்தோடு நின்றுவிட்டாளா என்றால், இல்லை. இரண்டாம் ஊசிக்காகவும் ஐந்து கிலோமீட்டர் நடந்து சென்றிருக்கிறாள். துணைச் சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. அருகில் இருந்தவர் வேறொரு கிழமையைச் சொல்லி அன்று வரச் சொன்னார். அதுவோ சந்தை நாள். சந்தைக்குப் போகாவிடின் அவ்வாரத்துக்கு உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆகவே விட்டுவிட்டாள்.

பாயின்ட்ஸ்மேன் மேலும் ஏதோ கேட்டார். அவள் குரல் தாழ்ந்தது. அவளுக்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்ததாம். இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு, உடலெங்கும் சிவந்து தடித்து, பின்னர் மூச்சுத் திணறி இறந்துவிட்டது. மருத்துவர் எவரும் பார்க்கவில்லை. அடையாளங்கள் தட்டம்மையின் அடையாளங்களே. அந்நோயைத் தடுப்பதற்கு ஓர் ஊசி உண்டு என்பதை அன்றுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. பாயின்ட்ஸ்மேன் அதை எடுத்துச் சொன்னபோது, அவள் நெடுநேரம் ஒன்றும் பேசாது, கூடையைப் பார்த்தபடி இருந்தாள்.

அன்பர்களே, அவள் சொன்னவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விளங்காத மொழி, முன்னறிவிப்பில்லாத காய்ச்சல், பூட்டிய கதவு, சந்தை நாளில் அமைந்த ஊசி நாள். இந்நான்கில் எது அவளுடைய பிழை?

நம் நாட்டில் அனைவர்க்கும் தடுப்பூசித் திட்டம் 1985-ஆம் ஆண்டு தொடங்கிற்று. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும், இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தும், மஞ்சட்காமாலைத் தடுப்பூசியும் தரப்படுகின்றன. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் பென்டாவேலன்ட் என்னும் ஊசி. இஃது ஒன்றே தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும். ஒன்பது மாதம் நிறைந்தபின் தட்டம்மை ரூபெல்லா ஊசி. பதினாறு மாதத்துக்குமேல் அதன் இரண்டாம் தவணை. அனைத்தும் அரசின் செலவிலேயே கிடைக்கின்றன.

ஆயினும் எல்லோர்க்கும் ஒருபடித்தாய்ச் சேரவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்குப்படி, 2005-06-இல் ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் அடிப்படை ஊசிகளை முழுமையாகப் பெற்றோர் நூற்றுக்கு 44 பேர். பழங்குடியினருள் 31 பேரே. 2015-16-இல் நாடு முழுவதும் 62 ஆகவும், பழங்குடியினருள் 56 ஆகவும் உயர்ந்தது. 2019-21-இல் நாட்டின் கணக்கு 76, ஜார்க்கண்டில் 74, தமிழ்நாட்டில் 89. ஒடிசாவிலோ 90. ஒடிசாவின் மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பழங்குடியினர். காடும் மலையும் நிறைந்த அம்மாநிலம் இவ்விலக்கை எட்ட முடிந்ததென்றால், பழங்குடி மக்கள் ஊசியை ஏற்கமாட்டார் என்னும் பேச்சுக்கு இடமேது?

தட்டம்மை பிற நோய்களைப் போன்றதன்று. மிக எளிதில் தொற்றுவது. அது பரவாதிருக்க வேண்டுமானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருத்தல் வேண்டும் என்பர். மாநிலக் கணக்கு உயர்வாய் இருந்தாலும், விடுபட்ட குழந்தைகள் ஒரே ஊரில் திரண்டிருப்பின், அவ்வூரில் நோய் நுழைய வழியுண்டு. ஊட்டக்குறைவால் மெலிந்த குழந்தைக்கு அது கொடிது; நிமோனியாவாகவும் வயிற்றுப்போக்காகவும் திரும்பி உயிரைப் பறிக்கும்.

இப்பகுதிக்கு ஊசியைப் பற்றிய பழைய நினைவொன்றும் உண்டு. 1974-ஆம் ஆண்டு, பெரியம்மை ஒழிப்புப் பணி இறுதிக் கட்டத்தை அடைந்திருந்த வேளையில், அந்நாளைய பீகாரின் தென்பகுதியில் நோய் கடுமையாய் மூண்டது. டாட்டாநகர் நிலையத்தில் வண்டியேறிய தொழிலாளர் வழியே அது பல ஊர்களுக்கும் சென்றது. நம் இருப்புப்பாதையே நோய்க்கு வாகனமாயிற்று. அரசும் உலக சுகாதார நிறுவனமும், டாட்டா நிறுவனம் தந்த மருத்துவர், ஊழியர், வண்டிகளின் துணையோடு, வீடுவீடாய்ச் சென்று நோயாளிகளைத் தேடின. 1975 மே மாதத்துக்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை. அது பெருஞ்சாதனை, ஐயமில்லை.

ஆனால் அச்சாதனையின் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். அப்பணியில் ஈடுபட்ட அமெரிக்க மருத்துவர் லாரி பிரில்லியன்டும் அவர் துணைவியார் கிரிஜாவும் பின்னர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்தனர். தென் பீகாரின் காட்டூர் ஒன்றில் ஹோ குடித்தலைவர் ஒருவர் ஊசியை ஏற்க மறுத்தார். நோயும் நலமும் இறைவன் செயல். அதற்கு அடங்குதலே தம் அறம் என்பது அவர் கொள்கை. ஊழியர்கள் இரவிலே கதவைத் தகர்த்து உட்புகுந்து, அவரையும் அவர் மனைவியையும் பிடித்து வைத்து வலிந்து ஊசி குத்தினர். எல்லாம் முடிந்த பின் அத்தலைவர் தம் தோட்டத்துக் கொடியிலிருந்து வெள்ளரிக்காயைப் பறித்து வந்து, வீடு புகுந்தவர்களுக்கு விருந்தாக அளித்தார். அவரவர் அறத்தை அவரவர் செய்தாயிற்று என்று கருதினார்.

கதவைத் தகர்த்தவர்க்கும் விருந்தோம்பிய அப்பெருந்தகைமையை எண்ணி வியக்கிறோம். அதே வேளையில் மற்றொன்றும் தோன்றுகிறது. பெரியம்மைக்கு ஒரு முறை குத்தினால் அன்றைக்குப் போதுமாயிருந்தது. இன்றைய குழந்தைக்கோ இரண்டு வயதுக்குள் ஐந்தாறு முறை ஊசி வேண்டும். வலிந்து ஒருமுறை குத்தலாம். ஆறாம் முறையும் தாய் தானே குழந்தையைத் தூக்கி வர வேண்டுமானால், அவளுடைய மனம் இசைந்தாக வேண்டும்.

மனம் இசைவது எப்படி? இதற்குக் கற்பனை விடை வேண்டியதில்லை. செய்து பார்த்த விடையே உண்டு. இராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டம் பீல் முதலிய பழங்குடியினர் மிகுதியாய் வாழும் பகுதி. அங்கே சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பின்னாளில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்லோவும் பிறரும் 134 ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2010-இல் வெளியாயிற்று.

ஊர்களை மூவகையாகப் பிரித்தனர். முதல் வகையில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அங்கே முழுமையாய் ஊசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 6 பேர். இரண்டாம் வகையில், மாதந்தோறும் குறித்த நாளில் தவறாமல் முகாம் நடத்தினர். எண்ணிக்கை 18 ஆயிற்று. மூன்றாம் வகையில், அதே முகாமோடு, ஒவ்வோர் ஊசிக்கும் தாய்க்கு ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தபின் சாப்பாட்டுத் தட்டுகளும் தந்தனர். எண்ணிக்கை 39 ஆயிற்று. பருப்புக்குப் பணம் செலவானாலும், ஒரே முகாமுக்குப் பலர் வந்தமையால், முழுமையாய் ஊசி பெற்ற ஒரு குழந்தைக்கு ஆன செலவு முகாம் மட்டும் நடந்த ஊர்களைவிட ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது.

“பருப்பைக் கையூட்டாகக் கொடுத்தா ஊசி போடுவது?” என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ஊசிக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் தாய்க்கு அது கையூட்டன்று. இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்வதே. அதற்கும் முன்னே, சொன்ன நாளில் கதவு திறந்திருந்ததால் மட்டுமே எண்ணிக்கை மும்மடங்காயிற்று என்பதை மறத்தலாகாது.

இனி ஊழியர் பக்கத்து இடர்களையும் சொல்ல வேண்டும். நம் பகுதிச் செவிலியர் அம்மையார் பல ஊர்களைத் தனியே பார்ப்பவர். ஊசி மருந்தை இரண்டு முதல் எட்டு டிகிரி வெப்பத்துக்குள் காத்தல் வேண்டும். காலையில் குளிர்காப்பு நிலையத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மருந்து புறப்பட்டு, காட்டு வழியே ஊர் வந்து சேர வேண்டும். ஆறு பெருகினால் அன்றைய முகாம் இல்லை. மேலும், தட்டம்மை மருந்துக் குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். திறந்து நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிடின், எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். ஒரே குழந்தை வந்திருக்கும் நாளில், குப்பியைத் திறப்பதா என்று ஊழியர் தயங்குவதுண்டு. ஒரு குழந்தைக்காயினும் திறக்க வேண்டும் என்பதே விதி. மருந்து வீணாகலாம், பத்துக் கல் நடந்து வந்த தாயின் நம்பிக்கை வீணாகலாகாது.

2014 டிசம்பரில் மத்திய அரசு இந்திரதனுஷ் இயக்கத்தைத் தொடங்கிற்று. 2017 அக்டோபரில் அதனைத் தீவிரப்படுத்திற்று. விடுபட்ட குழந்தைகளைப் பெயர்ப்பட்டியல் எடுத்துத் தேடுவதும், செங்கற்சூளை, கட்டட வேலையிடம், எட்டாத சிற்றூர் ஆகியவற்றுக்குச் செல்வதும் அதன் நோக்கம். ஜார்க்கண்டில் ஊர்தோறும் ‘சகியா’ எனப்படும் பெண் சுகாதாரத் தொண்டர் உண்டு. அவர் அவ்வூரவர், அவ்வூர் மொழி பேசுபவர். அவர் சொல்லும் சொல்லுக்கு உள்ள மதிப்பு, வெளியூரார் ஒட்டும் சுவரொட்டிக்கு இராது. கோல்ஹான் எனப்படும் இப்பகுதியில் ஊர்த்தலைவரை ‘முண்டா’ என்பர். பல ஊர்களுக்குத் தலைவரை ‘மான்கி’ என்பர். அவர்களிடம் முதலிற் சென்று சொல்லி, திருவிழா நாளும் சந்தை நாளும் நடவு நாளும் கேட்டறிந்து, அதன்பின் ஊசி நாளைக் குறித்தால் பாதி வேலை முடிந்தது போலாகும்.

நம் பாயின்ட்ஸ்மேன் செய்ததும் இதுவே. அப்பெண்ணின் ஊர் முண்டாவையும் சகியாவையும் கண்டு பேசினார். அவர்கள் செவிலியர் அம்மையாரிடம் சென்றனர். அம்மையாருக்கே சந்தை நாள் செய்தி புதிதாயிருந்தது. முகாம் நாளை அலுவலகப் பட்டியல் குறித்தது, அவர் குறிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதி, இரண்டு மாதத்தில் வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டார். ஆறேழு தாய்மார் வந்த இடத்தில், மாற்றிய முதல் நாளில் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தனர். ஊசி எந்நோய்க்கு, என்ன காய்ச்சல் வரலாம், அடுத்த நாள் எது, அட்டையைக் கொண்டு வர வேண்டும் என்னும் நான்கு செய்திகளையும் சகியா ஹோ மொழியில் ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அனைவரையும் அங்கேயே அமர்த்தி வைத்தார்.

இங்கே நாம் மறைத்து வைத்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் இளைய மகளுக்கு ஊசி போட்டு வந்ததாக முன்னே எழுதினோமல்லவா? அது பதினாறாம் மாதத்திற் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை இரண்டாம் தவணை. போட்டதோ இருபத்தொன்றாம் மாதத்தில். மாற்றலாகி வரும்போது தடுப்பூசி அட்டை ஊரிலே தகரப்பெட்டியில் தங்கிவிட்டது. “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டோம். நமக்குப் படிப்பு உண்டு. சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இருப்புப்பாதை மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் உண்டு. அப்பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவள் பூட்டிய கதவுவரை நடந்தாள். நாம் திறந்த கதவுக்கும் நடக்கவில்லை. அறியாமை எவரிடத்தில் இருந்தது?

ஆகவே அன்பர்கள்பால் சில வேண்டுகோள். மாற்றலாகும்போது பாத்திரங்களுக்கு முன்னே பிள்ளைகளின் ஊசி அட்டையை எடுத்து வையுங்கள். தவணை தவறியிருந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த மாநிலத்து அங்கன்வாடியிலும், அரசு சுகாதார நிலையத்திலும் வேற்றூர்க் குழந்தைக்கும் ஊசி உண்டு. யூ-வின் என்னும் இணையப் பதிவும் வந்திருக்கிறது, அதனையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, நம் வீட்டில் வேலை செய்வோர், நம் பாதையைப் பழுது பார்ப்போர், நம் வாசலில் கீரை விற்போர் ஆகியோரிடம், “பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றா?” என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாது, “இல்லை” என்றால், ஏன் என்றும் கேளுங்கள். விடையை அவர்கள் மொழியில் கேட்க ஒருவரைத் துணைக்கொள்ளுங்கள். ஊசி நாளன்று வேலைக்கு விடுப்புக் கொடுங்கள். அந்நாட் கூலியைப் பிடிக்காதீர்கள்.

அப்பெண்ணின் குழந்தைக்கு இரண்டாம் பென்டாவேலன்ட் ஊசி மாற்றிய முதல் நாளிலேயே போட்டாயிற்று. அன்றிரவு காய்ச்சல் வந்தது. செவிலியர் தந்த மருந்தைக் கொடுத்தாள், மறுநாள் தணிந்தது. அடுத்த மாதம் மூன்றாம் தவணையோடு தட்டம்மை ஊசியும் முடிந்தது. அதற்கடுத்த சந்தை நாளில் வந்தவள், கூடையின் அடியிலிருந்து பாலிதீன் உறையிற் சுற்றிய அட்டையை எடுத்து நம் இல்லாளிடம் காட்டினாள். அதில் எழுதியிருப்பதை அவளால் படிக்க இயலாது. ஆனால் கடைசிக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, “தீதி, இதுதானே அந்த நோய்க்கு?” என்று கேட்டாள்.

“ஆம், அதுதான்” என்றாள் இல்லாள். அவள் அட்டையை மீண்டும் உறையிலிட்டு, கூடையின் அடியில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.